அரைப்புள்ளி

கர்ஜாலி, எண்பத்தைந்து, பிப்ரவரி.
இரண்டு பேருக்கு ஒரு பிராவெட்ஸ் கணினி.
நாற்காலி ஒன்று குறைந்ததால்
நான் வெப்பக்குழாய்மேல் உட்கார்ந்தேன்.
பின்பக்கம் வெந்தாலும் அதுதான் நல்ல இடம்.

அந்த மாதம் வகுப்பில் பதினொரு பேருக்குப் புதுப்பெயர்.
வருகைப் பதிவேட்டில் பழைய பெயர்களின் மேல்
காகிதப் பட்டை ஒட்டியிருந்தார்கள்.
பசை காயவில்லை. தோழர் கலாபோவா
பக்கங்களைக் கத்தியால் பிரித்துப் பிரித்து வாசித்தார்.
“நெவேனா.”
யாரும் எழவில்லை.
“நெவேனா” என்றார் மறுபடியும், இன்னும் மெல்ல.
என் பக்கத்தில் இருந்தவள் அப்போதுதான் எழுந்தாள்,
யாருடைய நிறுத்தத்திலோ பேருந்தைவிட்டு இறங்குகிறவள்போல.

அன்றைய பாடம்: திரைக்கு ஒரு சொல்லை அனுப்புவது.
மேற்கோள் குறிக்குள் எது இருந்தாலும்
இயந்திரம் அர்த்தம் கேட்காது என்றார் தோழர்.
உள்ளே இரண்டும் இரண்டும் என்று எழுதினால்
நான்கு என்று சொல்லாது,
இரண்டும் இரண்டும் என்றே காட்டும்.
நான் அடித்தேன்: “ஆங்கெல் ஒரு கழுதை.”
ஆங்கெல் ஒரு கழுதை, என்றது பச்சை வெளிச்சம்
எந்தத் தயக்கமும் இல்லாமல்.

பிறகு அவள் முறை. ஒற்றை விரலால்:

10 பிரிண்ட் “நெஃபிசே”
20 கோ டு 10

வரிக்கு ஒன்றாக இடது ஓரத்தில் இறங்கியது,
கதவருகே நின்றாலும் படிக்கும்படி.
நடையில் இயக்குநர் ட்ஸோனேவின் காலணிச் சத்தம்.
கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தியது என் கைதான்.
இருபதாம் வரியில் நிறுத்தப்பட்டது, என்றது திரை.
“அழி” என்றேன். அவள் அழிக்கவில்லை.
பத்தாம் வரியைத் திரும்ப எழுதினாள்,
கடைசியில் ஓர் அரைப்புள்ளி வைத்து.

அரைப்புள்ளி என்றால்: வரியை முடிக்காதே,
அடுத்தது இங்கேயே ஒட்டி வரும்.
திரையில் வரிக்கு நாற்பது கட்டம்.
எங்கள் எழுத்தில் அவள் பெயருக்கு ஆறு.
ஆறால் நாற்பது வகுபடாது. மீதி நான்கு.
முதல் வரியின் கடைசியில் நெஃபி,
சே தலைகுப்புற அடுத்த வரியில்.
அந்த வரியின் கடைசியில் வெறும் நெ,
மிச்சமெல்லாம் அதற்கடுத்த வரியில்.
மூன்றாவது வரி மட்டும் சிதையாமல் முடியும்.
மறுபடி உடையும், மறுபடி சேரும்.
சாய்ந்து சாய்ந்து பச்சைப் பின்னலாகத்
திரை நிறைந்து மேலே ஓடியது.

ட்ஸோனேவ் நின்று பார்த்தார். “என்ன இது?”
“வடிவம், தோழர்” என்றேன். பொய்யும் இல்லை.
“கம்பளம் மாதிரி இருக்கிறது. மார்ச் எட்டுக்கு
வாசலில் வையுங்கள்.”
கலாபோவா மட்டும் நெடுநேரம் பார்த்தார்.
அவர் உதடு அசைந்தது. எண்ணினாரோ, படித்தாரோ.
கணக்கும் அவர் பாடம்தான்.
“நன்றாக ஓடுகிறது” என்று சொல்லிவிட்டுப்
பதிவேட்டை மூடினார். பசை இன்னும் காயவில்லை.

மகளிர் தினத்தன்று பகல் முழுக்க ஓடியது.
கார்னேஷன் பூக்களோடு தாய்மார்கள் கடந்து போனார்கள்.
ஒருத்தி மட்டும்
கோட்டின் ஒரு கையை மாட்டி மறு கையை மாட்டாமல்
மணி அடித்த பிறகும் அங்கேயே நின்றாள்.
மாலையில் மின்சாரத்தை நிறுத்தினோம்.
பச்சை சுருங்கிப் புள்ளியாகி அணைந்தது.
நாடாவில் சேமித்து வைக்கலாம்தான்.
சேமித்தால் கோப்புக்கு ஒரு பெயர் கேட்பார்களே.

எண்பத்தொன்பது ஜூன். எல்லைச் சாலையில்
கூரைமேல் குளிர்பெட்டி கட்டிய மாஸ்க்விச் கார்கள்
எறும்புபோல் நகர்ந்தன.
அவள் மடியில் தையல் இயந்திரம், கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.
அருகே ஒரு காவலர் வண்டி எண்களைக்
குறித்துக்கொண்டிருந்தார்.
நான் ஓடிப்போய் வாய் திறந்தேன்.
“நெ...”

இரண்டு பெயருக்கும் அதுதான் முதல் எழுத்து.
திரும்பிப் பார்த்தாள்.
மிச்சத்துக்காகக் காத்திருந்தாள்,
முன்னால் இருந்த வண்டி நகரும்வரை.