காளான் நிறம்

கிளேர்வுட்டில் என் பட்டறை. தகரக் கூரை.
நவநீதன் படையாச்சி தன் கிரெசிடாவை
முட்டைத் தட்டு ஏற்றிய வண்டிபோல்
பின்பக்கமாகவே உள்ளே கொண்டுவந்தார்.

முன்சீட் இரண்டும் தோல்.
ஜேக்கப்ஸ் பழைய இரும்புக் கடையில்
மூக்குடைந்த ஜெர்மன் கார் ஒன்றிலிருந்து
கழற்றி வாங்கியவை.
பின்சீட் மட்டும் இன்னும் துணி,
எண்பத்தேழாம் வருஷத்துச் சாம்பல்.
"அதே நிறம் வேணும் கோகிலம்.
அச்சு அசலா அதே."

எதே?

சீட்டின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில்
நிறத்தின் பெயர் காளான் என்றிருந்தது.
எந்தக் காளான்?
மழைக்கு மறுநாள் வேலியோரம் நிற்பதா,
டப்பாவில் வருவதா, குழம்பில் கிடப்பதா?
அடிமடிப்பில், வெயிலே அறியாத இடத்தில்
நகமளவு வெட்டி எடுத்தேன்.
கிண்ணத்தில் வெள்ளை, கொஞ்சம் காவி, மஞ்சள்,
பிறகு கறுப்பு, ஊசிமுனையால்.
கறுப்பு ஒரு துளி கூடினால்
அன்றைய நாள் போயிற்று.
ஈரமாக இருக்கும்வரை எந்தச் சாயமும் பொய்தான் சொல்லும்.
ஹேர் டிரையர் பிடித்து, ஆறவிட்டு,
கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்.
ஒன்றுதான்.

இரண்டு மணிக்கு, அட்டவணை தவறாமல்,
கரண்ட் போனது.
ஷட்டரைத் தூக்கினோம்.
வெயில் சீட்டின் மேலேயே வந்து விழுந்தது.

என் சாம்பிளில் ஒரு பச்சை ஓடியது.
அதைவிட மோசம்,
முன்சீட் இரண்டுமே ஒரே நிறம் இல்லை.
ஓட்டுகிற பக்கம் கறுத்து, மினுங்கி,
விளிம்பில் ஜீன்ஸ் நீலம் ஊறி,
ஒரு தொடையின் பள்ளத்தோடு.
பக்கத்து சீட் எழுதாத தாள்.
யாரோ ஒருவர் அந்தக் காரில்
பத்து வருஷம் தனியாகவே போயிருக்கிறார்.

இந்த ஊரில் நிறம் பார்த்து எழுதித்தர
ஒரு காலத்தில் சர்க்கார் ஆபீஸ் இருந்தது.
அவர்கள் எழுதியபடிதான்
காடோ மேனரிலிருந்து எங்கள் சாமான் லாரியேறியது;
எனக்கு நாலு வயசு.
அங்கே யாரும் விளக்கைச் சந்தேகித்ததில்லை.
நான் வெயிலில் வைத்துப் பார்க்காமல்
ஒரு மெத்தைக்குக்கூடச் சொல்லமாட்டேன்.

"டிரைவர் சீட்டுக்குச் சேரும்படி போடு," என்றார் படையாச்சி,
"அதிலேதானே நான்."
அதுவரை ஃபோனில் குனிந்திருந்த ரூபாவதி
நிமிர்ந்து பார்த்தாள்.
"இதிலே நான்."

நடுவாக ஒரு நிறம் கலக்கலாம்தான்.
கலந்தும் பார்த்தேன்.
இரண்டு சீட்டுக்கும் அது வேற்றாள்.
கொட்டிவிட்டேன்.

"என் பக்கத்துக்கே போடுங்க," என்றாள்.
"கறுக்கிறது தன்னாலே நடக்கும்.
வெளுக்கத்தான் காசு."

வெள்ளிக்கிழமை வண்டி எடுக்க வந்தார்கள்.
முந்நூறு ராண்ட் குறைத்துக்கொண்டார், கேட்காமலே.
ரூபாவதி நேராகப் போய்
பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்,
கால் நீட்டி, கதவைச் சாத்தி.
ஸ்டியரிங்கின் பின்னால்
அவர் ஒருவர் மட்டும் வேறு நிறத்தில்,
கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி
எனக்குக் கைகாட்டிவிட்டுப் போனார்.