செவ்வாய்க்கிழமை ஹாரன்

செல்லூரில் என் பெயர் யாருக்கும் தெரியாது.
ஹாரனைத் தெரியும்.
இரண்டு குட்டை, ஒரு நெட்டை.
தெருமுனையில் அது கேட்டதும்
கொடியில் காயும் சேலைக்குப் பின்னால் ஆள் மறையும்,
டிவி பாதி வசனத்தில் நிற்கும்,
"அம்மா குளிக்கிது" என்று சொல்ல
ஒரு பிள்ளை வாசலுக்கு வரும்.
நாலு வருடமாக
செவ்வாய் தவறாமல் குளிக்கிறார்கள் அம்மாக்கள்.

நான் வட்டிக்காரன் இல்லை.
பிளாட்டினா அவருடையது, நோட்டு அவருடையது.
பெட்ரோல் மட்டும் என்னுடையது.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்
பந்தல்குடி வாய்க்கால் ரோட்டுக்கு ஏறி வந்தது.
நோட்டைப் பாலித்தீனில் சுற்றி பனியனுக்குள் செருகினேன்.
தலைக்கு ஒரு ஜவுளிக்கடைப் பை.
கைப்பிடிக்கு ஒன்றும் இல்லை.
இடது கட்டைவிரலுக்குக் கீழே
இண்டிகேட்டரும் டிம்மும் ஹாரனும்
மூன்று மழைக்காலமாக நனைந்துகொண்டிருப்பதை
யார் கண்டது.

பஞ்சவர்ணம், நாலு தவணை பாக்கி.
அவள் வாசலில் காலை ஊன்றினேன்.
நான் தொடவே இல்லை,
அதுவாகத் தொடங்கிற்று.
குட்டையுமில்லை நெட்டையுமில்லை, ஒரே இழுப்பு.
பொத்தானைக் குத்தினேன். தட்டினேன்.
கெஞ்சவும் செய்தேன் என்று நினைக்கிறேன்.
சாவியை அணைத்தால் நின்றது,
போட்டால் அலறியது.
முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போகலாம்,
அல்லது கோரிப்பாளையம் வரை
ஊரைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

என் ஹாரனுக்கு
அன்றுதான் முதல்முறையாகக் கதவுகள் திறந்தன.

ஸ்க்ரூ டிரைவரோடு வந்தாள்.
சிம்மக்கல்லில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள்;
நோட்டில் எழுதியிருக்கிறது,
விரல்களைப் பார்த்துத்தான் நம்பினேன்.
"குடையப் பிடிங்க. எனக்கில்ல, சுவிட்சுக்கு."
இரண்டு திருகு.
சிப்பிபோலப் பிளந்த பெட்டிக்குள்
ஒரு கரண்டி கலங்கல் தண்ணீர்,
செம்புத் தகட்டில்
உப்புக்கண்டத்தில் பூத்ததுபோல் பச்சைக் களிம்பு.

"பெட்ரோல் கொஞ்சம் விடுங்க."
என்னுடையதை விட்டேன்.
பழைய பல்துலக்கியால் தேய்த்தாள், ஊதினாள்,
பிள்ளையின் வாஸ்லினைக் குச்சிநுனியில் எடுத்து
தகடு தகடாகத் தடவினாள்.
சைக்கிள் டியூபில் ஒரு துண்டு அறுத்து
மேலே உறை மாட்டினாள்.
பிறகு அடுப்பில் ஆணியைக் காய்ச்சி எடுத்துவந்து
பெட்டியின் அடிவயிற்றில் வைத்தாள்.
பிளாஸ்டிக் பொசுங்கும் நாற்றம்.

"ஏம்மா, ஓட்டை போடுற?"
"மேல எப்படி மூடுனாலும்
அது வரத்தான்ணே செய்யும்.
கீழ போறதுக்கு வழி வேணும்ல."

எவ்வளவு என்றேன்.
"நாப்பது. கழிச்சுக்கங்க."

அந்த நோட்டில் வரவுக்குக் கட்டம் உண்டு,
பாக்கிக்குக் கட்டம் உண்டு,
கழிப்பதற்கு இல்லை.
சட்டைப்பையிலிருந்து நாலு பத்து எடுத்துக் கொடுத்தேன்.
ஈரம் உதறி, எண்ணிப் பார்த்து,
அதே நாலு பத்தை என்னிடமே நீட்டினாள்.
"வரவு வைங்க."

வைத்தேன்.
முதலாளி ராத்திரி விரல் வைத்துக் கேட்டார்,
"இது என்னடா நாப்பது?"
"மழைண்ணே" என்றேன்.

இப்போது வண்டி
நான் சொன்னால்தான் கத்துகிறது.
நின்றால், கைப்பிடிக்கு அடியிலிருந்து
ஒவ்வொன்றாகச் சொட்டுகிறது, கொஞ்ச நேரம்.
செவ்வாய் வந்தது.
இரண்டு குட்டை, ஒரு நெட்டை.
கதவுகள் பழைய வேகத்தில் சாத்திக்கொண்டன.
பஞ்சவர்ணத்தின் மகன் வாசலுக்கு வந்தான்.
"அம்மா குளிக்கிது."
சொல்லிவிட்டுப் போகவில்லை.
வண்டிக்கு அடியில் குனிந்து
துளையைப் பார்த்தான்.

"அடைக்கலயேன்னு
கேட்டுட்டு வரச் சொல்லுச்சு."