நெடில்

லியபாயா துறைமுக மருத்துவமனையில்
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கணினிகள்.
அவற்றின் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று
பார்த்துக்கொண்டிருக்க எனக்குச் சம்பளம்.

ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு ஒரு மதிப்பெண்.
ஏதாவது செயலி மயங்கி விழுந்தால் சரியும்.
பிறகு, ஒன்றும் நடக்காத நாட்களின் புண்ணியத்தில்
புள்ளி புள்ளியாக ஏறும்.
மனிதர்களுக்கும் இப்படியொரு கோடு போட்டால்
என் முன்னாள் கணவன்
இந்நேரம் ஆறைத் தொட்டிருப்பான்.

மருந்துக் கிடங்குக் கணினி
மூன்றைத் தாண்டியதே இல்லை.
எக்ஸ்ரே அறை மூலையில் இருக்கும் பழைய பெட்டி
ஒன்பது புள்ளி எட்டு.
அதை யாரும் தொடுவதில்லை.

செவ்வாய் இரவு ஒரு புதுப்பிப்பை அனுப்பினேன்.
சோதனைக்கென்று வைத்திருந்த பத்தும் பச்சை.
ஜன்னலைக் கடற்காற்று உலுக்க
கோட்டை மாட்டிக்கொண்டு கடைசி டிராமைப் பிடித்தேன்.

புதன் காலை ஆறு ஐம்பத்தெட்டு.
இரவுப் பணி இறங்கிப் பகல் பணி ஏறும் நேரம்.
நாலாயிரத்து அறுநூற்று இருபத்தைந்து:
உள்நுழைவு தோற்றால் பதிவேட்டில் விழும் எண்.
மற்றக் காலைகளில் முப்பது வரும், நாற்பது வரும்,
விறைத்த விரல்கள், மறந்துபோன பெரிய எழுத்து,
விடுப்பு முடிந்தும் திரும்பிவராத மூளை.
இன்று ஏழே காலுக்குள் அறுநூறு.

இல்வார்ஸ் நாற்காலியோடு உருண்டு வந்தார்.
"தாக்குதல். வெளிவாசலை மூடு."

பொறுங்கள் என்றேன்.
நேரங்களைப் பாருங்கள்.
சடசடவென்று மூன்று முறை,
அப்புறம் ஒரு நிமிடம் எதுவுமில்லை,
அப்புறம் நான்காவது.
திருடனிடம் அந்த ஒரு நிமிடம் இருக்காது.
ஐந்தாவதில் கணக்கு பூட்டிக்கொள்ளும்;
அந்த விதியை எழுதிய கையும் என்னுடையதே.

டயாலிசிஸிலிருந்து மைகா கூப்பிட்டாள்.
"பதினோரு வருஷமாக அடிக்கிற சொல்
எனக்கே மறந்துவிட்டது என்கிறதா உன் பெட்டி?"
ஆய்வகத்தில் ஸோயா மட்டும் நுழைந்துவிட்டாளாம்.
ரஷ்யச் சொல்லை லத்தீன் விசைகளில்
திரையைப் பாராமல் அடிக்கிறவள் அவள்.

அங்கே உறைத்தது எனக்கு.

என் புதுப்பிப்பு
நுழைவுத் திரையின் விசைப்பலகையை
ஆங்கிலத்துக்கு மாற்றி வைத்திருக்கிறது.
லாட்விய நெடில் வேண்டுமென்றால்
முதலில் ஒரு மேற்கோள் குறி தட்டவேண்டும்.
அது திரையில் தெரியாது, காத்திருக்கும்,
அடுத்து வரும் உயிரின் தலையில்
கோடாகப் போய் உட்காரும்.
இன்று காலை அது காத்திருக்கவில்லை.
குறி தனியாக விழுந்தது, குறில் தனியாக.
கடவுச்சொற்கள் கறுப்புப் புள்ளிகள்தாமே,
ஒன்று கூடியதை யார் எண்ணுவார்கள்?

சோதனைக் கணினிகள் ஏன் பச்சை?
அவற்றுக்குச் சொல் வைத்தவள் நான்.
எல்லாம் எண்கள்.

கடவுச்சொற்களை நான் பார்க்க முடியாது,
பார்க்கக் கூடாது.
ஆனால் அந்தச் சிவப்புப் பட்டியலில்
இருநூற்றுப் பதினான்கு பேர்
தங்களுக்குள் எதையோ நீட்டி உச்சரிக்கிறார்கள்
என்பது வரை தெரிந்துவிட்டது.
யூரா என்றால் கடல்.
மாசா என்றால் சகோதரி, செவிலியும் அதே சொல்.
யாருக்கும் முகம் கொடுக்காத
தலைமை அறுவை மருத்துவர் ஓஷெனியெக்ஸ்
பட்டியலில் ஏழாவது.
அவர் எதை நீட்டி வைத்திருந்தாரோ.
இப்போதெல்லாம் மின்தூக்கியில் அவரைக் கண்டால்
நான்தான் தரையைப் பார்க்கிறேன்.

எட்டு ஒன்பதுக்கு எல்லாவற்றையும் பின்வாங்கினேன்.
பூட்டிய கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
மைகா மறுபடி அழைத்து
"போய்விட்டேன்" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.
அறிக்கையில், காரணம் என்ற கட்டத்தில்,
விசைப்பலகை அமைப்பு என்று எழுதினேன்.
பொறுப்பு என்ற கட்டத்தில் என் பெயர்.
ஜானே. அதிலும் ஒரு நெடில்.

மறுநாள் கோடுகளைப் புரட்டினேன்.
மருந்துக் கிடங்குக் கணினி,
அந்தக் காலை முழுக்க ஒருவரும் திறக்க முடியாமல்
நிம்மதியாக இருந்த புண்ணியத்தில்,
மூன்று புள்ளி ஒன்று.