சேதக் கணக்கு

மத்தோசின்யோஸ் துறைமுகத்தில்
மத்தி மீனை டின்னில் அடைக்கும் கம்பெனிக்கு
நான் கணக்கன்.
எங்கள் மூடியில், படகுப் படத்துக்குக் கீழே,
நீல எழுத்தில் ஒரு வரி உண்டு:
லாபத்தில் நான்கு விழுக்காடு
கடல் கொண்டுபோனவர்களின் பிள்ளைகளுக்கு.

மகமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளி அல்வரெங்கா நல்ல மனிதர்தான்.
அந்தக் காசோலையில் கையெழுத்திடும்போது மட்டும்
கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.
தொகையைத் தான் பார்க்க வேண்டாம் என்றா,
தொகை தன்னைப் பார்க்க வேண்டாம் என்றா,
நான் கேட்டதில்லை.

ஒரு டின்னுக்கு ஐந்து மீன்.
ஒரு மதியம் எர்மெலிந்தா
ரொட்டியோடு தின்னத் திறந்த டின்னை நீட்டி,
"இதில் பிள்ளைகளுடையது எது?" என்றாள்.
பெட்டி கட்டும் மேசையில்
முப்பத்தோரு வருஷமாய் நிற்பவள்.
விளக்கினேன்.
விற்ற விலையில் எண்ணெய் போக, தகரம் போக,
உன் கூலி போக, வங்கி வட்டி போக
மிஞ்சுவதில்...
"அதெல்லாம் இருக்கட்டும், மீனைக் காட்டு."
ஒரு வாலின் நுனியைக் காட்டினேன்.
அதுவும் சற்றுத் தாராளமாக.

போன வருஷம் மீன் இல்லை.
வந்ததும் விரல் நீளம்.
எண்ணெய் விலை ஏணி வைத்து ஏறியது.
டிசம்பர் கடைசியில் கோடு கிழித்துக் கூட்டினேன்:
சிவப்பு.

நஷ்டத்தில் நான்கு விழுக்காடு எவ்வளவு?
கணக்குப்படி பார்த்தால்
பிள்ளைகள்தான் எங்களுக்குத் தர வேண்டும்.

காசோலை எழுதவில்லை.
மூடிகள் மட்டும் முன்பே அச்சாகி வந்திருந்தன,
அறுபதாயிரம்.
தூக்கிப் போட முடியுமா?
வரியில் பொய் இல்லை என்றார் வக்கீல்,
பூஜ்யத்துக்கும் நான்கு விழுக்காடு உண்டாம்.
மழை பெய்யும் ஏதோ ஓர் ஊரில்
யாரோ ஒருத்தி அதைப் படித்துவிட்டு
கையில் இருந்த மலிவு டின்னைத் திரும்ப வைத்து
எங்களுடையதை எடுத்திருப்பாள்.

பிப்ரவரியில் சேதம் கூடத் தொடங்கியது.

நசுங்கிய டின் கடைக்குப் போகாது.
வெள்ளிக்கிழமை வேனில் ஏறி
அந்தப் பிள்ளைகளின் விடுதிக்குப் போய்விடும்,
பழைய வழக்கம்.
வாரத்துக்கு இருபது, மிஞ்சினால் முப்பது.
இப்போது நூற்றுப் பத்து.
அடுத்த வாரம் நூற்று நாற்பது.
மெக்கானிக் ஒசோரியோ பெல்ட்டின் அடியில் படுத்து
அரை நாள் பார்த்துவிட்டு
உதட்டைப் பிதுக்கினார்.

எல்லோரும் போன பிறகு
சேதக் கூடையைக் கிளறினேன்.
எல்லா டின்னிலும் ஒரே மூலையில் பள்ளம்.
ஆழம்தான் வேறு வேறு.
எட்டு விதம் எண்ணினேன்.
பெட்டி கட்டும் மேசையில் எட்டுப் பேர்.
என் கட்டை விரலை வைத்துப் பார்த்தேன்,
ஒன்றிலும் நிறையவில்லை;
பேனா பிடித்தே மெலிந்த விரல்.

மேசைக்கு வந்து
மொத்த உற்பத்தியால் வகுத்தேன்.
நான்கு வரவில்லை.
நான்கு புள்ளி மூன்று.
தராசு முள் நின்ற பிறகும்
மீன்காரி ஒரு கை அள்ளிப் போடுவாளே,
அந்தக் கொசுறு.

காரணம் என்ற கட்டத்தில்
'கடல் காற்று' என்று எழுதினேன்.

காலையில் முதலாளி வந்தார்.
சேதப் பக்கத்தைப் புரட்டினார்,
ஒருமுறை என்னைப் பார்த்தார்,
கண்ணாடியைக் கழற்றினார்.