ஏழரைக் கணக்கு

சுர்செல்வாப் பள்ளத்தாக்கின் சுடுகளம். சனிக்கிழமை.
சங்கப் பொருளாளர் உர்சினா கடுஃப்
காலித் தோட்டாக் கூடுகளைப்
பால்வாளியில் வாரிக்கொண்டே சொல்கிறாள்:
"சின்னது மலிவு.
ஏழரை, அதைப்போல் மூன்று மடங்கு.
என் ஜியோனிடம் இரண்டு துப்பாக்கியும் உண்டு.
பத்து வருடச் சிட்டை இது, பாருங்கள்."

ஏழரை என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.
அவளுக்கு அது வெறும் விட்டம், மில்லிமீட்டரில்.
எனக்கு எள்தீபம்.

புரட்டினேன்.
மலிவுக்கு நேரே நூறு நூறாய்க் கோடுகள்.
குழல் தேய்ந்து மாற்றியது இரண்டு முறை.
காது மருத்துவர், ஒரு முறை,
மறுபடியும் ஒரு முறை.
ஏழரைக்கு நேரே வருடம் நாற்பதோ ஐம்பதோ.
அதைச் சுடுமுன்
மூச்சைப் பிடித்துக்கொண்டு விலையை நினைப்பானாம்;
பாதி நேரம்
சுடாமலே கண்ணை எடுத்துவிடுவானாம்.

கூட்டிப் பார்த்தேன்.
மலிவுதான் ஆளை மொட்டையடித்திருந்தது.

"அவரிடம் சொன்னீர்களா?"

"பத்து வருடமாய்ச் சொல்கிறேன்.
எந்தக் காதில் சொல்ல?"

அங்கே மேடையில் ஜியோன்
அடுத்த பெட்டியைப் பிரிக்கிறான். சின்னது.

வாளியைத் தராசில் வைத்தாள்.
பழைய பித்தளை, கிலோ நான்கு பிராங்க்.
வரவுப் பக்கத்தில் எழுதினாள்.