ஐந்து கட்டம்

இரவு பதினொன்றுக்கு மேல்
மூன்றாம் மாடியில் காற்றாடி மட்டும் பேசும்.
மஸ்கெலியாப் பக்கம் மழை வலுத்திருந்தால்
கொழுந்து வாட இன்னும் ஐந்து மணித்தியாலம்.
ஈரம் இறங்கும்வரை எங்கள் இருவருக்கும் வேலையில்லை.
நிலந்தவுக்குத் தெரிந்த தமிழ்: வா, போ, சம்பளம்.
எனக்குச் சிங்களம் கொஞ்சம் கூட வரும்,
கோபம் வந்தால் மட்டும்.
ஆகவே இருவருக்குமே நொண்டும்
மூன்றாவது பாஷையில் விளையாடுவோம்.

தொட்டி இலக்கம் எழுதும் பலகையின்
பின்பக்கத்தில் சோக்கால் ஐந்து கட்டம்.
டி, ஈ, ஏ மூன்றும் உள்ளே இருக்கவேண்டும்,
எந்த வரிசையில் நின்றாலும் சரி.
மொத்தம் ஐந்தெழுத்து.
நாலோடு நின்றால் அரைப்பேர்.
பன்மை செல்லாது; அது நிலந்த போட்ட சட்டம்,
வால் ஒட்டி நீட்டுவது களவாம்.
தோற்றவன் கீழே போய் பிளேன்டீ கொண்டுவர வேண்டும்,
சீனி உள்ளங்கையில்.

தமிழில் டீ ஒற்றை எழுத்து, தனிக்கட்டை.
அங்கே அது மூன்று பேர்.
இன்னும் இரண்டு பேரை வீட்டுக்குள் விட்டால்
என்னென்னவோ ஆகிவிடுகிறது.

அவன் வாட்டர் போட்டான்.
நான் ஸ்வெட்.
அவன் வீட். கோதுமை, என்று
ரொட்டி தட்டிக் காட்டினான்.
நான் டேஸ்ட். "அது கொழும்பில் இருக்கிறவங்களுக்கு"
என்றான், அல்லது அப்படி எனக்கு விளங்கியது.
பிறகு அவன் சீட் என்றான்.
நாற்காலிக்கு நாலெழுத்து, உனக்கு அரைப்பேர் என்றேன்.
தலையாட்டி மறுத்தான்.
ஒவ்வொரு எழுத்தாய் அழுத்தி எழுதினான்.
ஏமாற்று. ஐந்து.

பின்னேரம் நிறுவையில் அவனும் நின்றிருக்கிறான்.
ரதிமலரின் சாக்கில் பத்தொன்பது கிலோ.
ஈரத்துக்கென்று இரண்டைக் கழித்து
பதினேழு என்று எழுதியபோது
அவன் மழைக்கோட்டை உதறிக்கொண்டிருந்தான்.
பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.
வாட்டர் என்ற சொல் பலகையில் இன்னும் இருந்தது.
இரண்டு கிலோ எடை.

ஒன்றும் பேசாமல் சோக்கை வாங்கி
எஸ்டேட் என்று எழுதத் தொடங்கினேன்.
ஆறெழுத்து.
கடைசி எழுத்துக்குக் கட்டமில்லை,
பலகையின் ஓரத்து மரச்சட்டத்தில்
தொங்கிக்கொண்டு நின்றது.
இடமில்லாவிட்டால் நெருக்கி நிற்பது
எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் சட்டம் சட்டம்.

நிலந்த கொஞ்ச நேரம் பார்த்தான்.
பெருவிரலால் முதல் எழுத்தைத் துடைத்தான்.
மிச்சத்தை ஒவ்வொன்றாக இடப்பக்கம் தள்ளி எழுதினான்.
ஸ்டேட்.
ஐந்தும் அதனதன் கட்டத்தில் உட்கார்ந்தன.
அப்பாவுக்கு முப்பத்தெட்டு வயதில் வந்த காகிதம் அது,
பொலித்தீன் உறையில், அரிசி டின்னுக்கு அடியில்.

தலையெழுத்தை அழித்தால் நாடு வருகிறதே
என்று அவனிடம் சொல்லப் பார்த்தேன்.
முதல் எழுத்து என்றேன். விதி என்றேன்.
இரண்டும் ஒரே சொல் என்பதை
எந்தப் பாஷையில் சொல்வது?
நெற்றியில் விரலால் கோடு கீறிக் காட்டினேன்.

தலைவலி என்று எடுத்துக்கொண்டான்.
சட்டைப்பையில் இருந்த பாம் டப்பாவைத் திறந்து,
வேண்டாம் என்பதற்குள்,
என் நெற்றி முழுக்கத் தேய்த்துவிட்டான்,
சோக் தூளும் சேர்த்து.

ஈரம் இறங்கிவிட்டது.
கீழே உருளையைக் கிளப்பச் சொல்லி மணி அடிக்கிறது.
பாம் காரம் இமைக்குள் வழிந்து
இரண்டு கண்ணும் எரிகின்றன.
அதற்கும் ஒரு சொல் உண்டு.
டி, ஈ, ஏ மூன்றும் இருக்கின்றன,
எண்ணினால் ஐந்து.
ஆனால் அது பன்மை.
செல்லாது.