நகல் மனு

மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில்
பத்தொன்பது வருஷமாகச் சுருக்கெழுத்து எழுதுகிறேன்.
பிறர் சொல்வதை எழுதியே பழகிய கை.
இன்று சொந்தமாக எழுதுகிறது, பிழை பொறுக்கவும்.

ஓலைமேட்டுக்குப்பத்துக் கருவாட்டுக் களத்தில்
ஜெட்டி கட்ட ஒருவர் கம்பிவேலி போட்டார்.
வழக்குப் போட்டவள் தனபாக்கியம், கூடப் பதினான்கு பேர்.
அப்போதிருந்த நீதிபதி
இரு தரப்புக்கும் முறையாக நோட்டீஸ் கொடுத்துவிட்டு
ஒரு சனிக்கிழமை களத்துக்கே வந்தார்.
காரப்பொடி காய்ந்த மணலில்
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடந்தார்.
வியாழக்கிழமை தடையாணை சொன்னார்.
ஏழு பக்கம். அடித்துக் கொடுத்ததில்
ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை.

அடுத்த திங்கள் இரவு எட்டேகாலுக்கு மாறுதல் உத்தரவு.
"நிர்வாக நலன் கருதி."
கருதியது யார் என்பதற்கு
அந்த வாக்கியத்தில் எழுவாயே இல்லை.
புத்தகப் பெட்டிகளைக் குட்டியானையில் ஏற்றும்போது
கயிறு போதவில்லை.
கோப்பு கட்டும் நாடாவில் இரண்டு முழம் கொடுத்தேன்.
அரசாங்கச் சொத்து. தெரியும்.

அடுத்து வந்தவர் கெட்டவர் இல்லை.
கை நீட்டினார் என்று யாரும் சொன்னதில்லை,
நானும் சொல்ல மாட்டேன்.
வாதம் முடிந்தது. "தீர்ப்புக்காக" என்று தேதி போட்டார்.
அப்புறம் இன்னொரு தேதி.
பொங்கல் கழித்து. கோடை விடுமுறை கழித்து.
கெடிலத்தில் வெள்ளம் வந்து வடிந்த பிறகு.
ஒருநாள் பாதித் தீர்ப்பு சொன்னார், பென்சில் ஓடியது,
நிறுத்தினார், ஜன்னலைப் பார்த்தார்,
"இத விட்டுடும்மா" என்றார்.
அந்த நோட்டு என் அலமாரியில் இருக்கிறது.
அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.
தடையை அவர் நீட்டிக்கவும் இல்லை.
வேலி சுவராயிற்று.
கருவாடு தார்ரோட்டுக்கு வந்தது, லாரிகள் ஒதுங்கிப் போயின,
சில ஒதுங்கவில்லை.

வராந்தாவில் தனபாக்கியம் கேட்டாள்:
"அவர ஒரே ராத்திரியில தூக்கத் தெரிஞ்சவங்களுக்கு
இவர நாலு வருஷமா ஒரு வார்த்த கேக்கத் தெரியலியாம்மா?"
பதில் எனக்குப் பாடம்:
நீதிபதியை யாரும் நெருக்கக் கூடாது,
உன்னைக் காப்பாற்றுவதே அதுதான்.
வாய் வரவில்லை.
தக்காளி சாத டப்பாவைத் திறந்து மூடித் திறந்தேன்.

மறுநாள் வில்லை ஒட்டிய நகல் மனுவோடு வந்தாள்.
"தீர்ப்பு வேணாம். தேதிங்கள மட்டும் குடு.
ஏன் தள்ளிப்போச்சுன்னு பக்கத்துலயே எழுதிக் குடு."

முப்பத்தொரு வாய்தா.
காரணம் என்ற கட்டத்தில்
தீர்ப்பு தயாராகவில்லை.
தீர்ப்பு தயாராகவில்லை.
பதினெட்டு முடிந்ததும் கை நின்றது.
இதே மாதிரித் தாளை நாளைக்கு ஜெட்டிக்காரர் வாங்கி,
தனக்கு வளையாத ஒரு நீதிபதியின் முகத்துக்கு நேரே நீட்டினால்?
கேள்வி வருகிற கதவும் மிரட்டல் வருகிற கதவும்
ஒன்றுதானே. அடைத்தே இருக்கட்டுமா?
யோசித்துப் பார்த்தேன்.
முன்னவரைத் தூக்கியபோதும் அது அடைத்துத்தான் இருந்தது.
வந்தவர்களுக்குக் கதவே தேவைப்படவில்லை.
மீதிப் பதின்மூன்றையும் அடித்தேன்.

அவள் கண்ணாடி கொண்டுவரவில்லை.
தாளை டவாலி லூர்துநாதனிடம் நீட்டினாள்.
கட்சிக்காரர் பெயரை மூன்று தரம் கூவியே பழகிய தொண்டை,
தாழ்வாகப் படிக்க வராது அவருக்கு.
முதல் தேதியை மூன்று தரம் கூவினார்.
இரண்டாவதையும் மூன்று தரம்.
மரத்தடி வக்கீல்கள் பேச்சை நிறுத்தினார்கள்.
ஒவ்வொரு மூன்றாம் தரத்துக்கும் பிறகு
பழக்க தோஷத்தில் திரும்பி
உள்ளே எட்டிப் பார்த்தார்,
ஆஜர் என்று யாராவது சொல்கிறார்களா என்று.

மேடைக்கு மேல் மின்விசிறி ஓடியது.
ஐயா தலையை நிமிர்த்தினார்.

பென்சிலைச் சீவித்தான் வைத்திருந்தேன்.